தரையறிந்து ஆடுதல்

டென்னிஸ் ஆட்டத்தைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவதா என்று நேயர்களிற் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். அது துரைமார் ஆட்டம், கிளப்புக்காரர் பொழுதுபோக்கு, தோட்டத்துத் தமிழனுக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்கவும் கூடும். கேட்கட்டும். நாமும் அக்கேள்விக்கே விடை காணப் புகுகின்றோம். ஆனால் அவ்விடையை மனிதர் பிறந்த வீட்டிலே தேடாமல், அவர் நின்று ஆடும் தரையிலே தேடுவோம்.

டென்னிஸ் களத்தின் நீளம் 23.77 மீட்டர். ஒற்றையர் ஆட்டத்திற்கு அகலம் 8.23 மீட்டர். வலை நடுவில் 91.4 சென்டிமீட்டர் உயரம் நிற்றல் வேண்டும். லண்டனிலும் அளவு இதுவே. தெலுக் இந்தானிலும் இதுவே. ஆனால் அந்தத் தரை இன்னதால்தான் ஆகியிருக்க வேண்டும் என்று விதி வற்புறுத்துவதில்லை. புல்லாயிருக்கலாம்; செங்கற்பொடியாயிருக்கலாம்; சிமெண்டாயிருக்கலாம்; மணல் தூவிய செயற்கைப் புல்லாயுமிருக்கலாம். சடுகுடு ஆடுகிறவன் ஊர் மாறினால் மண்ணின் நிறம் மாறுமேயன்றி ஆட்டம் மாறாது. டென்னிஸ் ஆடுகிறவனோ தரை மாறிய மாத்திரத்தில், தான் அரும்பாடுபட்டுக் கற்ற வித்தையிற் பாதி தன்னைக் கைவிட்டு நிற்கக் காண்பான். ஒரே மட்டை, ஒரே பந்து, ஒரே கை. எனினும் நேற்று கோட்டுக்குள் விழுந்த அடி இன்று வேலியிற் போய் மோதும்.

இவ்வாட்டம் வளர்ந்தது புல்லிலே. 1874-ஆம் ஆண்டில் மேஜர் விங்பீல்டு என்னும் ஆங்கிலேயர் இதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். 1877-இல் விம்பிள்டனில் முதற் போட்டி நடந்தது. அடிக்கடி தூறலும் இளவெயிலும் உடைய அந்நாட்டிற்குப் புல்தரை பொருந்திற்று. பிரான்சின் தென்கரை வெயிலிலே அது பொருந்தவில்லை. 1880 அளவில் கான் நகரில் ரென்ஷா சகோதரர்கள் மட்பாண்டங்களைப் பொடியாக்கி, கருகிய புல்லின்மேல் தூவினர் என்றும், சிவப்புக் களத்தின் கதை அங்கிருந்தே தொடங்கிற்று என்றும் சொல்வர். பாரிஸ் நகரத்து ரோலான் காரோஸ் களத்தில் நாம் தொலைக்காட்சியிற் காண்பது மண்ணன்று; இடித்த செங்கல். அதுவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனந்தான். அதன் கீழே சுண்ணாம்புக்கல், நிலக்கரிக் கசடு, சரளை, பெருங்கல் என்று அடுக்கடுக்காய் இருக்கின்றன. இந்தியாவிலே சாணமிட்டு மெழுகிய களங்களும் இருந்தன. நம் பாட்டிமார் வாசல் மெழுகிய அதே கைவேலை துரைமார் ஆட்டத்துக்குத் துணைபோயிற்று என்பது வேடிக்கையான விஷயம். அக்கைகளுக்கு மட்டை கொடுக்க எவருக்கும் தோன்றவில்லை.

நாம் பணிபுரியும் தோட்டம் பேரா மாநிலத்தின் தென்பகுதியில் உள்ளது. முன்னாளில் ரப்பர், இப்போது செம்பனை. மானேஜர் பங்களாவுக்குக் கீழே ஒரு சிமெண்ட் களம் கிடக்கின்றது. துரைமார் காலத்தில் அது புல்தரையாயிருந்தது. இரும்பு உருளையை இழுத்து அதைச் சமன் செய்வதற்கென்றே ஆட்கள் இருந்தனர். இதனை நமக்குச் சொன்னவர், சிறுவயதில் அக்களத்தில் பந்து பொறுக்கிய முதியவர் ஒருவர்.

“பந்தைத் தொடலாம் கிராணி ஐயா, மட்டையைத் தொடக் கூடாது. வெள்ளைச் சப்பாத்து இல்லாத கால் கோட்டுக்குள்ளே வரக் கூடாது. பந்து உள்ளே நின்றுவிட்டால் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு அதே ஓட்டத்தில் வெளியே வந்துவிட வேண்டும்.”

இதை அவர் கோபமின்றிச் சொல்வார். நமக்குத்தான் கேட்குந்தோறும் உள்ளம் கொதிக்கும். துரைமார் கப்பலேறிய பின்னர்ப் புல்லுக்கு ஆள் ஒதுக்குவது வீண் செலவென்று கண்ட பிந்திய நிர்வாகம் அதைச் சிமெண்ட் போட்டு மூடிற்று. அச்சிமெண்ட் வந்ததனால்தான் வெறுங்கால்கள் கோட்டுக்குள் வந்தன. புல் அழகுதான், அதன் பசுமையைக் கண்டு மனம் மகிழாதார் இல்லை. ஆயினும் எம்மைக் கேட்டால், அத்தோட்டத்திற்கு நேர்ந்த நன்மைகளுள் அந்தச் சிமெண்ட் மூட்டைகளையும் ஒன்றாகவே எண்ணுவோம்.

நகரத்திலே ஆங்கிலப் பள்ளியிற் படித்த காலத்தில் நாம் மட்டை பிடிக்கக் கற்றோம். உத்தியோகத்திற்கு வந்தபின், மாலையில் கணக்கேட்டை மூடிவிட்டுக் களத்திற்குப் போவதும், வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளுக்குப் பழைய மட்டைகளைக் கொடுத்து ஆடவிடுவதும் வழக்கமாயிற்று. அவர்களுள் டிராக்டர் ஓட்டுநர் ஒருவரின் மகள் மிகுந்த கூர்மையுடையவள். இரண்டே ஆண்டுகளில் நம்மை அங்குமிங்கும் ஓடவைத்து மூச்சு வாங்கச் செய்தாள். பதினான்காம் வயதிலே மாவட்டப் பள்ளிகளின் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி டென்னிஸ் போட்டிக்குப் போகிறாள் என்பது லயத்திலே ஒரு திருவிழாவைப் போலாயிற்று. வேன் நிறைய ஆட்கள் போயினர். முதற் சுற்றிலேயே ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றாள்.

தோல்வி பெரிதன்று. அதன்பின் எழுந்த பேச்சே பெரிது. காப்பிக்கடையிலே ஒருவர், “நகரத்துப் பிள்ளைகளுக்கு அது இரத்தத்திலேயே இருக்கிறது,” என்றார். மற்றொருவர், “நமக்கு விதித்தது பந்தும் திடலும், மட்டையும் வலையும் அல்ல,” என்றார். இன்னொருவர் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். தலையெழுத்தாம்! மூன்றாம் நாள் அப்பிள்ளையின் தகப்பனார் அலுவலகத்துக்கு வந்து, சம்பளச் சீட்டை வாங்கிக்கொண்டு, போகாமல் நின்றார்.

“ஐயா, இந்த ஆட்டம் நமக்கு வேண்டுமா? பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறது. அவளுக்கு அது வராது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்; படிப்பையாவது பார்க்கட்டும்.”

இரத்தத்திலே டென்னிஸ் ஓடுவதாக எந்த வைத்தியரும் இதுவரை கண்டு சொன்னதில்லை என்றோம். அவர் சிரிக்கவில்லை. “அப்படியானால் இங்கே அப்படி ஆடுகிறவள் அங்கே ஏன் தோற்றாள்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு ஆறுதல் விடையாகாது, காரணம் வேண்டும்.

அன்று மாலையே அவரையும் மகளையும் களத்திற்கு அழைத்துப் போனோம். சாதாரணப் பந்தொன்றை 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விட்டால் அது 135-க்குக் குறையாமலும் 147-க்கு மிகாமலும் எழும்ப வேண்டும் என்பது அனைத்துலக டென்னிஸ் சம்மேளனத்தின் விதி. செம்பனைக் குலை அறுக்கும் கழியொன்றில் அவ்வளவுகளைச் சுண்ணாம்பால் குறித்து நிறுத்தி, ஏணியின்மேல் நின்று புதுப்பந்தை விட்டோம். 140-ஐ ஒட்டி எழுந்தது. அதே பந்தைக் கால்பந்துத் திடலின் புல்லிலே விட்டோம், இடுப்பளவுக்கும் எட்டவில்லை. ஒரே பந்து, ஒரே உயரம், ஒரே மாலை. தகப்பனார் பந்தைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

ஆனால் நேராக விழும் பந்து பாதிக் கதையைத்தான் சொல்லும். ஆட்டத்திலே பந்து சாய்வாக வருகின்றது. அப்போது தரை அதனை எவ்வளவு பற்றி இழுக்கின்றதோ அவ்வளவுக்கு அதன் முன்னோட்டம் குறையும். முன்னோட்டம் குறையவே எழும் கோணம் செங்குத்தாகும். செங்கற்பொடி பந்தைப் பற்றிக்கொள்ளும். ஆகவே அங்கே பந்து தாமதித்து, தோளுயரம் எழும்பும். புல்லின் தாள்களோ வழுவழுப்பானவை. பந்து அவற்றின்மேல் சறுக்கி, வேகம் குன்றாமல், முழங்காலுக்குத் தாழ்வாய் ஓடும். சிமெண்ட் இரண்டுக்கும் இடைப்பட்டதென்று பொதுவாகச் சொன்னாலும், அதிலும் சொரசொரப்பானது மந்தமாயும் தேய்ந்து மழுங்கியது வேகமாயும் இருக்கும். இவ்வேறுபாட்டைச் சம்மேளனத்தார் எண்ணாலேயே அளக்கின்றனர். 29-க்கு உட்பட்ட தரை மந்தம். 45-உம் அதற்கு மேலும் வேகம். இடையிலே மூன்று படிகள்.

நம் தோட்டத்துச் சிமெண்ட் பல்லாண்டு வெயிலிலும் மழையிலும் தேய்ந்து கண்ணாடிபோலாகிவிட்டது. பந்து அங்கே சறுக்கி ஓடும். அப்பிள்ளை அதற்கேற்பவே, மட்டையைச் சிறிதே பின்னிழுத்து, இடுப்புக்குக் கீழே, தட்டையாக, விரைவாக அடிக்கப் பழகினாள். போட்டி நடந்த நகரத்துக் களமோ அண்மையில் மணல் கலந்த வண்ணம் பூசப்பட்டது. பந்து அங்கே நின்று யோசித்துப் பின் தோளுயரம் எழுந்தது. அவள் வீசிய மட்டை பந்து வருமுன்பே கடந்துபோயிற்று. எட்டாத உயரத்திலே அடித்தவை வலையிலும் வெளியிலும் விழுந்தன. எதிரே நின்ற பெண் அக்களத்திலேயே வளர்ந்தவள். கெட்டிக்காரிதான், ஐயமில்லை. ஆனால் அந்த ஆறுக்கு ஒன்று என்ற கணக்கிலே பெரும்பங்கு மணலினுடையது.

இதைக் கேட்டதும் அப்பெண் முதன்முறையாக வாய் திறந்தாள். “அப்படியானால் இங்கே வந்து ஆடச் சொல்லுங்கள் அவளை,” என்றாள். அக்கோபம் நமக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு களத்தை மட்டுமே அறிந்தவள் அக்களத்தின் அரசியாகவே இருந்து முடிவாள். போட்டிகள் நம் தோட்டத்துக்கு வரமாட்டா.

தரை மாறுகின்றபோது முதலில் மாற வேண்டியது கையன்று, கால். இதைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். ஏனெனில் பந்தின் போக்கைப் பேசுகின்றவர்கள்கூடக் காலை மறந்துவிடுகின்றனர். செங்கற்பொடிக் களத்தில் ஒரு விந்தையுண்டு. அது பந்தைப் பற்றும், காலை விட்டுவிடும். பொடியின்மேல் சப்பாத்து உருண்டு சறுக்கும். ஆகையால் அங்கே ஆடத் தெரிந்தவர், ஓடிவந்து நின்று அடிப்பதில்லை. சறுக்கிக்கொண்டே வந்து, சறுக்கல் முடியும் தறுவாயில் அடித்து, அதே அசைவில் திரும்பிவிடுவர். அடித்தபின் சறுக்குகின்றவர் இரண்டடி தூரத்தை வீணே இழப்பார். அடுத்த பந்து மறுபுறம் போயிற்றென்றால் அவ்வளவுதான். புல்லிலே சறுக்கினால் விழுவோம். அங்கே சின்னஞ்சிறு அடிகளாய் எடுத்துவைத்து, முழங்காலை மடக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். சிமெண்டிலே கால் நின்ற இடத்தில் நிற்கும், அது நன்மை. நிற்கும்போது விழும் அடியனைத்தும் முழங்காலுக்கே போகும், அது தீமை. சப்பாத்தின் அடியும் இதனாலேயே வேறுபடுகின்றது. செங்கற்பொடிக்கு மீன்முள் போன்ற வரிகள். புல்லுக்குச் சிறு சிறு கொப்புளங்கள்.

கையின் வேலை இதன்பின் வருவது. மந்தமான தரையிலே பின்கோட்டுக்கு வெகு பின்னே நின்று, மட்டையைக் கீழிருந்து மேலாக இழுத்து, மேற்சுழலோடு பந்தை உயர்த்தி அனுப்ப வேண்டும். ஒரே அடியில் முடிக்கப் பார்க்கிறவன் அங்கே தன்னையே முடித்துக்கொள்வான். பத்து அடி, பதினைந்து அடி என்று பொறுத்து, எதிராளியை ஒரு மூலைக்கு இழுத்து, மறு மூலையைத் திறக்க வேண்டும். அவன் பின்னே நிற்கப் பழகிய பிறகு வலையோரம் மெல்ல ஒரு பந்தைப் போட வேண்டும். வேகமான தரையிலே இவ்வளவு பொறுமைக்கு இடமில்லை. பின்னிழுப்பைக் குறுக்கி, கீழ்வெட்டாய் அடித்தால் பந்து எழும்பாமல் ஓடும். எதிராளி குனிந்தே சாவான். சர்வீஸ் போட்டவுடன் வலையை நோக்கி ஓடி, பந்து நிலத்தைத் தொடுமுன் அடித்துவிடுவதும் அங்கே செல்லும்.

செங்கற்பொடிக்கு வேறொரு குணமும் உண்டு; குமாஸ்தாவாகிய நமக்கு அதுவே மிக உவப்பு. பந்து விழுந்த இடத்தில் ஒரு தடம் பதியும். கோட்டில் விழுந்ததா வெளியில் விழுந்ததா என்று சண்டை வந்தால், நடுவர் இறங்கிவந்து அத்தடத்தைப் பார்ப்பது நெடுங்கால வழக்கம். தரையே பேரேடு! சிமெண்டும் புல்லும் இவ்வளவு நாணயமாய்க் கணக்கு வைப்பதில்லை.

செங்கற்பொடிக் களத்திற்கு நாம் எங்கே போவது? நாள்தோறும் நீர் தெளித்து, வாரி, சமன் செய்ய வேண்டும். நம் நாட்டு மழையோ ஒரே மாலையில் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே உள்ளதைக் கொண்டு செய்தோம். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுவதில்லை. அவை நிற்கும் செம்மண் திடலில் இரண்டு கம்பங்களை நட்டு, இடையே 91.4 சென்டிமீட்டர் உயரத்தில் கயிறு கட்டினோம். மேலே பொடிமண் இருந்தமையால் கால் சறுக்கிற்று; பந்து தாமதித்தது. சில வேளை கல்லிற் பட்டு எங்கோ தாவிற்று, அதுவும் பழக்கந்தான். கால்பந்துத் திடலின் புல்லிலே நிலந்தொடாப் பந்துகளையும், குனிந்தடிக்கும் பந்துகளையும் பழகினோம். தோளுயரப் பந்துக்குச் சிமெண்டிலேயே வழி கண்டோம். நாம் ஏணியின்மேல் நின்று புதுப்பந்துகளை ஓங்கித் தரையிலடித்து எழுப்புவோம். அவள் பின்னே போய்க் காத்திருந்து அடிப்பாள், அல்லது முன்னே வந்து எழும்போதே அடிப்பாள். தாழ்ந்த பந்துக்கு உயிர்போன பழைய பந்துகளே போதும். அவை எந்தத் தரையையும் புல்தரையாக்கிவிடும்.

முதல் இரு மாதங்கள் அவள் ஆட்டம் கெட்டது. அதைப் பார்த்து லயத்தார் மறுபடியும் நெற்றியைத் தொட்டுக் காட்டினர். உள்ள ஆட்டத்தையும் கிராணி கெடுத்துவிட்டார் என்றும் ஒரு பேச்சு எழுந்தது.

அந்நாட்களில் தகப்பனார் மாலைதோறும் வந்து வேலியோரம் நிற்பார். அவருக்காகவே உலகத்துப் பெரிய ஆட்டக்காரர்களின் கதைகளைச் சொல்லத் தொடங்கினோம். இவான் லெண்டில் என்பவர் 1984, 1986, 1987 ஆகிய ஆண்டுகளில் பாரிஸில் வென்றவர். விம்பிள்டன் புல் மட்டும் அவருக்கு வசப்படவில்லை. 1986-லும் 1987-லும் இறுதிவரை போய்த் தோற்றார். 1990-இல், தாம் மும்முறை வென்ற பாரிஸ் போட்டியையே விட்டுவிட்டுப் புல்லிலே பயிற்சி செய்தார். அவ்வாண்டும் அரையிறுதியிலே தோற்றார். பீட் சாம்பிராஸ் விம்பிள்டனை ஏழு முறை வென்றார். பாரிஸில் ஒரு முறைகூட இறுதிக்குப் போகவில்லை. இவர்களுக்கெல்லாம் இரத்தத்திலே என்ன குறை?

பியோர்ன் போர்க்கின் கதையை இரண்டு மூன்று முறை சொல்லியிருப்போம். 1978, 1979, 1980 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர் பாரிஸ் செங்கற்பொடியிலும் விம்பிள்டன் புல்லிலும் அடுத்தடுத்து வென்றார். அக்காலத்தில் இரு போட்டிகளுக்கும் இடையே இரண்டு வாரங்கள்தான். அது மூன்று வாரமானது 2015-இல். பாரிஸிலே பின்கோட்டுக்குப் பின்னே நின்று நாளெல்லாம் பந்தைத் திருப்பியவர், விம்பிள்டனிலே சர்வீஸ் போட்டுவிட்டு வலைக்கு ஓடினார். ஜிம்மி கானர்ஸ் அமெரிக்கப் போட்டியை 1974-இல் புல்லிலும், 1976-இல் பச்சை மண்ணிலும், 1978-இல் கெட்டித் தரையிலும் வென்றார். போட்டி ஒன்றே, தரைதான் இரண்டு முறை மாறிற்று.

2007 மே 2-ஆம் நாள் ஸ்பெயின் தேசத்துப் பால்மா நகரில் நடந்த காட்சி ஆட்டமொன்றைக் கேட்டபோதுதான் தகப்பனார் வாய்விட்டுச் சிரித்தார். களத்தின் ஒரு பாதி புல். மறு பாதி செங்கற்பொடி. ரோஜர் பெடரர் அதுவரை புல்லிலே தொடர்ந்து 48 ஆட்டங்களையும், ரபேல் நடால் மண்ணிலே 72 ஆட்டங்களையும் வென்றிருந்தனர். பக்கம் மாறும்போதெல்லாம் இருவரும் உட்கார்ந்து சப்பாத்து மாற்றினர். மூன்றாம் செட்டின் கடைசியில், 12-10 என்ற கணக்கில் நடால் வென்றார். மறு ஆண்டே அவர் விம்பிள்டன் புல்லிலும் பெடரரை வென்றார்.

நம்மவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். ராமநாதன் கிருஷ்ணன் தமிழர். 1954-இல் விம்பிள்டன் இளையர் பட்டத்தை வென்றார்; ஆசியர் எவரும் அதற்கு முன் அதை வென்றதில்லை. 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார். 1961-இல் காலிறுதியில் ராய் எமர்சனை வென்றார். அவருடைய சர்வீஸ் வேகமானதன்று. வேகத்தையே நம்பிய புல்தரையிலே, நயமான தொடுதலையும் பந்தை வைக்கும் இடத்தையும் நம்பி ஆடியவர் அவர். புல்லுக்கு இன்ன ஆட்டந்தான் என்று எழுதிவைத்தவர்களுக்கு அவர் அளித்த விடை அது.

அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணனும், சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜும் ஆடிய 1987-ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பை இதன் மறுபக்கம். சிட்னியிலே, ஆஸ்திரேலியரின் புல்லிலே, இந்தியா மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. கடைசி ஆட்டத்தை வென்று கொடுத்தவர் ரமேஷ். இறுதிப் போட்டி ஸ்வீடனில். தரையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை விருந்தளிக்கும் நாட்டுக்கு. அவர்கள் கூரைக்குக் கீழே செம்மண்ணைப் பரப்பினர். ஐந்துக்குச் சுழியம் என்று இந்தியா தோற்றது. இரண்டு மாத இடைவெளியில் அவர்கள் இரத்தம் மாறிவிடவில்லை.

தரையும் தானாய் அமைவதன்று என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியப் போட்டி 1987 வரை புல்லில் நடந்து, 1988 முதல் கெட்டித் தரைக்கு மாறிற்று. விம்பிள்டனிலோ புல் புல்லாகவே இருக்க, 2001-இல் அதன் வகையை மாற்றினர். அதற்கு முன் பத்தில் ஏழு பங்கு ரை புல்லும் மூன்று பங்கு வேறொரு புல்லும் கலந்திருந்தது. பின்னர் முழுவதும் ரை. புல் தேய்வு குறைந்தது. பந்து எழும்பும் விதமும் மாறிற்றென்று ஆடியவர்கள் சொன்னார்கள். எங்கோ ஓர் அறையிலே சிலர் கூடி முடிவு செய்கின்றனர். அதனால் ஒருவனுடைய ஆட்டம் உயர்கின்றது, மற்றொருவனுடையது தாழ்கின்றது. பார்க்கிறவர்கள் அதற்குத் திறமை என்றும் விதி என்றும் பெயரிடுகின்றனர்.

மறு ஆண்டுப் போட்டிக்குப் போனபோது நம் பிள்ளை வேனைவிட்டு இறங்கியதும் செய்த முதற் காரியம், களத்தின் ஓரத்திலே பந்தை விட்டுப் பார்த்ததுதான். பின்னர்ச் சப்பாத்தின் அடியைத் தரையிலே இழுத்துத் தேய்த்துப் பார்த்தாள். முதற் சுற்றில் வென்றாள். இரண்டாவதிலும் வென்றாள். மூன்றாவதில், நெடுநேரம் போராடி, தன்னைவிட இரண்டு வயது மூத்த பெண்ணிடம் தோற்றாள். வழியெல்லாம் வேனிலே ஒரே இரைச்சல். எப்படி என்று கேட்ட காப்பிக்கடைக்காரரிடம் தகப்பனார், “நன்றாக ஆடின பிள்ளையிடம் தோற்றாள் அண்ணே, தரையிடம் தோற்கவில்லை,” என்றார்.

இப்போது தோட்டத்துக் களத்திற்குப் புது வண்ணம் பூச நிர்வாகம் எண்ணியிருக்கின்றது. விலைப்பட்டி வாங்கும் வேலை அலுவலகத்தைச் சேர்ந்ததாகையால் நம் மேசைக்கே வந்தது. வண்ணத்திலே மணல் எவ்வளவு கலப்பது, பரும்மணலா சிறுமணலா என்று குத்தகைக்காரர் கேட்டெழுதினார். மணல் மிகுந்தால் தரை மந்தமாகும், குறைந்தால் வேகமாகும். இளம் உதவி மானேஜர் வேகமான தரையை விரும்புகின்றார். அவர் ஓங்கி அடிப்பவர், நல்லவர், அவருடைய சர்வீஸும் நல்லது. நாம் வேறுவிதமாக எழுதினோம். 30-க்கும் 34-க்கும் இடைப்பட்ட படியாகிய சற்றே மந்தமான தரை வேண்டும் என்று கேட்டிருக்கின்றோம். வேகத் தரையிலே பலசாலி இரண்டே அடியில் முடித்துவிடுவான். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குப் பந்தைத் தொடவும் வாய்ப்பிராது. மந்தத் தரையிலே ஒவ்வொரு பந்துக்கும் எட்டுப் பத்து அடி விழும். பன்னிரண்டு வயதுச் சிறுமியும் ஓடி, யோசித்து, திருப்பிக் கொடுக்க இடமுண்டு. மேலும் நகரத்துக் களங்கள் அவ்விதமாகவே இருக்கின்றன. இக்காரணங்களையெல்லாம் ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து, கீழே உதவி மானேஜரின் மாற்று அபிப்பிராயத்தையும் சேர்த்து, கோலாலம்பூரிலுள்ள தலைமை அலுவலகத்திற்கு அனுப்பினோம். விடை இன்னும் வரவில்லை.

லாரித் திடலிலே கயிறு கட்டியபடியே இருக்கின்றது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு இப்போது ஏழு பிள்ளைகள் வருகின்றனர். சப்பாத்து மூன்று ஜோடிதான், முறை வைத்து மாற்றிக்கொள்கின்றனர். நகரத்து நேயர்களுள் எவரேனும் உயிர்போன டென்னிஸ் பந்துகளை எறிந்துவிட எண்ணியிருந்தால், இப்பத்திரிகாலயத்தின் பார்வைக்கு அனுப்பிவைக்கலாம். அவற்றுக்கு எம்மிடம் நிரம்ப வேலையிருக்கின்றது.